பொருள்: மைக்ரோகிளியாவுக்குத் தமிழ் (வெள்ளிக்குள் வேண்டும்)

பட்டர்வொர்த் தாதி:
எல்லாருக்கும் வணக்கம். எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறவர்களுக்காக நாலு பக்கக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். மூன்றாம் பக்கம் மூளையைப் பற்றியது. கிருமி நரம்பணுவை விட்டுவிட்டு, பக்கத்தில் குடியிருக்கும் மைக்ரோகிளியா என்ற அணுக்களுக்குள் போய் உட்காருகிறது என்று சொல்லியாக வேண்டும். 'நுண்கிளியா' என்று போட்டேன். அம்மா வாசித்துவிட்டு, "மூளைக்குள்ள கிளி எப்படி வந்துச்சு?" என்கிறார். உதவுங்கள்.

ஆயர் ஈத்தாம் ஆசிரியர் (ஓய்வு):
அம்மா, கிளியா கிரேக்கச் சொல். பசை என்று பொருள். 1856-இல் விர்ச்சோ என்ற ஜெர்மானியர், நரம்பணுக்களைப் பிடித்துவைக்கும் சாந்து இது என்று எண்ணி 'நியூரோகிளியா' என்றார். ஆகவே 'நுண்பசையம்'. பசை என்றதும் கோந்து டப்பாவை நினைக்க வேண்டாம். 1098-ஆம் குறளில் 'பசையினள்' என்று வருகிறவள் நெஞ்சு நெகிழ்ந்தவள். ஈரம் இருந்தால்தானே ஒட்டும்? பசுமை, பச்சை, பசலை எல்லாம் ஒரே வேர் என்பது என் கட்சி. பசலை பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

கோலாலம்பூர் டாக்டர்:
ஐயா, பசலை நாளைக்கே வரட்டும். இந்த அணுக்கள் எதையும் ஒட்டவில்லை. 1919-இல் ஸ்பெயின் ஆய்வாளர் ரியோ ஒர்தேகா இவற்றைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார். நரம்பணுக்கள் பிறக்கும் கருத்திசுவிலிருந்து வந்தவையும் அல்ல. கருவின் மஞ்சள்கருப் பையில் தோன்றி, பிறப்பதற்கு முன்பே மூளைக்குக் குடிவந்தவை. சும்மா இருக்கும்போதும் கிளைகளை நீட்டி அக்கம்பக்கத்தைத் துழாவிக்கொண்டிருக்கும், செத்ததை விழுங்கும், கிருமியைக் கண்டால் வேதிப்பொருள்களை விட்டு ஊரைக் கூட்டும். எச்.ஐ.வி. வெள்ளணுக்களுக்குள் ஒளிந்து, தொற்றிய சில வாரங்களிலேயே மூளைக்கு வந்துவிடுகிறது. கிருமி பற்றிக்கொள்ளும் சி.டி.4, சி.சி.ஆர்.5 என்ற இரண்டு புரதங்களும் இந்த அணுக்களின் மேலேயும் இருப்பதால் உள்ளே நுழைய வழி கிடைக்கிறது. அதற்கப்புறம் ஊரைக் கூட்டுவது ஓய்வதில்லை. அந்த ஓயாத எதிர்ப்பும், கிருமியின் புரதங்களும் சேர்ந்து, தொற்றே இல்லாத நரம்பணுவைக் கெடுக்கின்றன. மாத்திரை இரத்தத்தில் கிருமியை அடக்கினாலும், நெடுநாள் வாழும் இவற்றின் மரபிழைக்குள் (டி.என்.ஏ.) அது பதுங்கிக் கிடக்க முடியும். காவல்காரனே கெட்டுப்போகும் கதை. 'காவலணு' என்று வையுங்கள்.

பிறை வாசகர்:
நம்ம ஊரில் காவல்காரனுக்கு 'ஜாகா' என்றால் பாட்டிக்கும் புரியும். 'மூளை ஜாகா'?

ஆசிரியர்:
தம்பி, மலாய்ச் சொல்லை மூளைக்குள்ளேயே குடியேற்றுகிறீர்கள். போகட்டும். டாக்டரின் 'காவலணு'வும் சரியில்லை. இரத்தத்தில் ஓடும் வெள்ளணு எல்லாமே காவல்தான். இதற்கு மட்டும் ஏன் அந்தப் பட்டம்? தொழிலை வைத்துத்தான் பெயர் வேண்டும் என்றால் 'துழாவணு' என்னலாம். துழாவு என்பது நல்ல தமிழ் வினை.

தாதி:
துழாவணு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் டாக்டர், 'காவலணு'வை இன்று இரண்டு பேரிடம் வாசித்துக் காட்டினேன். ஒருவர் முன்பு ஊசி போட்டுக்கொண்டிருந்து, இப்போது அந்தப் போதைப் பழக்கத்துக்கு மாற்று மருந்தான மெத்தடோன் எடுப்பவர். "காவல்னா, லோக்காப்பா மிஸ்ஸி?" என்று முகம் சுருங்கிப்போனார். நம் மலேசியாவில் ஆரம்பத்தில் இந்தத் தொற்று பெரும்பாலும் ஊசி வழியாகத்தான் பரவியது. அவர்களில் பலர் 'காவலில்' இருந்தவர்கள். மாத்திரையை விடாதே என்று சொல்ல எழுதும் பக்கத்தில் அந்த வார்த்தை வேண்டாமே.

டாக்டர்:
இது எனக்குத் தோன்றவே இல்லை. 'காப்பணு'?

பிறை வாசகர்:
காப்பு என்றால் வளையல். கைவிலங்கும்தான்.

டாக்டர்:
தம்பி, மணி பதினொன்று.

தாதி:
சரி, ஐந்து பேர் 'மூளைக் காப்பணு' என்கிறீர்கள், ஒருவர் ஜாகா, ஐயா மட்டும் நுண்பசையம். முதல் இடத்தில் 'மைக்ரோகிளியா என்னும் மூளைக் காப்பணு', பிறகு வெறும் காப்பணு. காலையில் அனுப்பிவிடுகிறேன்.

ஆசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'துழாவணு'வையாவது அடிக்குறிப்பில் சேர்த்திருக்கலாம்.

டாக்டர்:
இப்போதுதான் முழுப் பக்கத்தையும் பார்த்தேன். இரண்டாம் பத்தியில் 'நரம்பழற்சி' என்று இருக்கிறதே? அது வேறு நோய், கைகால் நரம்புக்கு வருவது. 'மூளையழற்சி' என்றாலும் தப்பாகிவிடும். அச்சகத்துக்குப் போய்விட்டதா?

ஆசிரியர்:
அழல் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.