படைப்பெழுத்துப் படிப்பில் பிறர் எழுத்தை வாசிப்பதற்கு இத்தனை இடம் எதற்கு?

கேள்வி

வணக்கம். சில ஆண்டுகளாகச் சிறுகதைகள் எழுதி வருகிறேன். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து முதுகலைப் படிப்பில் சேர இடம் கிடைத்திருக்கிறது. பாடத்திட்டத்தைப் பார்த்த பிறகுதான் தயக்கம் வந்தது. ஏறத்தாழப் பாதி நேரம் பிறருடைய படைப்புகளை வாசித்துத் திறனாய்வுக் கட்டுரை எழுதுவதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மீதிப் பாதியிலும், பட்டறை என்ற பெயரில் சக மாணவர்களின் கைப்பிரதிகளைப் பற்றிப் பேசுவதே பெரும்பகுதி. என் கதை விவாதத்துக்கு வருவது ஒரு பருவத்தில் இரண்டு மூன்று முறைதான். எழுதக் கற்க விரும்பும் ஒருவருக்கு இது பொருத்தமான ஏற்பாடுதானா? ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் கருத்துகளுக்கெல்லாம் இணங்கிப்போய், கடைசியில் என் நடை என்னுடையதாக இல்லாமல் போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. இத்தகைய வகுப்புகளில் பயின்றவர்களும் பயிற்றுவித்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

ஏற்பாடு பொருத்தமானதே என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-இல் தொடங்கப்பட்ட எழுத்தாளர் பட்டறையோடு சேர்த்துப் பேசப்படும் முறையைத்தான் இன்றும் பல பல்கலைக்கழகங்கள் பின்பற்றுகின்றன. கைப்பிரதி முன்கூட்டியே எல்லோர் கைக்கும் வந்துவிடும். ஒவ்வொருவரும் ஓரத்தில் குறிப்பெழுதி, எழுதியவருக்கு ஒரு கடிதமும் எழுதிக்கொண்டு வருவார்கள். வகுப்பில் மற்றவர்கள் விவாதிக்கும்போது எழுதியவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். உங்கள் கதை இரண்டு மூன்று முறைதான் பேசப்படும் என்றாலும், அதற்குள் நீங்கள் எத்தனையோ கடிதங்களை எழுதியிருப்பீர்கள். கற்றல் பெரும்பாலும் அந்தக் கடிதங்களில்தான் நிகழ்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். நாங்கள் வாசித்த ஒரு கதை, தொடக்கம் முதலே மகனின் பார்வையில் சொல்லப்பட்டிருந்தது. தந்தையின் நிலை என்னவென்று மருத்துவர் அவனிடம் சொல்லும் இடத்தில் 'அவன் முகம் வெளிறியது' என்று ஒரு வாக்கியம். அந்த இடம் ஒட்டவில்லை என்பதை எல்லோரும் உணர்ந்தோம், காரணம் பிடிபடவில்லை. பிறகு ஒருவர், தன் முகம் வெளிறுவதை அவனால் பார்க்க முடியாதே, அதுவரை அவனுக்குள் இருந்த நாம் இந்த வாக்கியத்தில் சட்டென்று வெளியே வந்து அவனைப் பார்க்கிறோமே என்றார். அடுத்த வரைவில் அந்த வாக்கியம் இல்லை. கையிலிருந்த மருந்துச் சீட்டை அவன் மீண்டும் மீண்டும் பார்த்தும் ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை என்று இருந்தது.

இதைத் தன் கதையில் கண்டுபிடிப்பது மிகக் கடினம். நாம் என்ன நினைத்து எழுதினோம் என்பது நமக்குத் தெரிந்திருப்பதால், தாளில் இல்லாததையும் சேர்த்தே படித்துவிடுகிறோம். பிறர் கைப்பிரதியில் அந்த உதவி கிடையாது. சொற்கள் மட்டுமே இருக்கின்றன. அப்படிப் படித்துப் பழகிய கண்ணோடுதான் பின்னர் நம் கைப்பிரதிக்குத் திரும்ப முடிகிறது.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நண்பரின் அச்சத்தையும் அலட்சியப்படுத்த வேண்டாம். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்ற விதி அண்மைக் காலத்தில் கடுமையாகக் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. அந்தக் கதையின் மரபையோ பின்புலத்தையோ அறியாதவர்கள் தமக்குள்ளேயே பேசி ஒரு முடிவுக்கு வரும்போது, எழுதியவர் திருத்தவும் வழியின்றி உட்கார்ந்திருப்பது நியாயமாகாது. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் வகுத்த முறை இதற்கு ஒரு மாற்று; எழுத்துப் பட்டறைகளும் அதைக் கையாளுகின்றன. அதில் வாசகர்கள் முதலில் தம் மனத்தில் பதிந்தவற்றைச் சொல்வார்கள். பிறகு படைப்பாளி கேள்வி கேட்பார். அதன்பின் வாசகர்கள் தீர்ப்புத் தொனி இல்லாத கேள்விகளைக் கேட்பார்கள். கருத்து என்பது கடைசியில், அதுவும் படைப்பாளியின் இசைவு பெற்றே வரும். நீங்கள் சேரவிருக்கும் துறையில் எந்த முறை என்பதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நடை குறித்து ஒன்று சொல்லலாம். இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் 1970-இல் தொடங்கிய படைப்பெழுத்து முதுகலைப் படிப்பில் பயின்றவர்கள்தாம் நாவலாசிரியர்கள் இயன் மக்கூவனும், 2017-இல் நோபல் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோவும். இருவரையும் படித்தவர்கள் ஒருவர் நடையை மற்றவர் நடையென்று மயங்க மாட்டார்கள். வகுப்பிலிருக்கும் பத்துப் பேரையும் மகிழ்விக்க எழுதும்போதுதான் நடை கரைகிறது. 'இந்த இடத்தில் எனக்குக் குழப்பம் வந்தது' என்று வாசகர் சொன்னால் அதை நம்புங்கள். 'இந்தப் பாத்திரத்தை இரண்டாம் பக்கத்திலேயே கொன்றுவிடுங்கள்' என்பது அவர் எழுத விரும்பும் வேறொரு கதை.

கருத்துச் சொல்வதற்கு நம்மிடமே நல்ல சொற்கள் இருக்கின்றன. நன்னூல் பாயிரம் அடுக்கும் பத்துக் குற்றங்களில் 'மற்றொன்று விரித்தல்', 'சென்று தேய்ந்து இறுதல்' என்ற இரண்டையும் நான் கைப்பிரதிகளின் ஓரத்தில் அடிக்கடி எழுதுகிறேன். முதல் பாதியில் பொங்கி, முடிவை நெருங்க நெருங்க வலுவிழக்கும் கதைக்கு இரண்டாவதைவிடத் துல்லியமான சொல்லை நான் அறியேன். ஆனால் அந்தப் பட்டியல் அறிவுநூல்களுக்கானது என்பதை மறக்கக் கூடாது. 'மயங்க வைத்தல்' ஒரு கதைக்குச் சில வேளைகளில் அழகாகவே அமையும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஒரு சிறு ஐயம். மனத்துக்குச் சற்றும் பிடிக்காத கதைக்கு நேர்மையான கடிதம் எழுதுவது எப்படி?

மறுமொழி 3

முதலில் எழுதியவரின் பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள். கேம்பிரிட்ஜில் திறனாய்வாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் மாணவர்களுக்குப் பெயர் நீக்கிய கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதிய குறிப்புகளை ஆராய்ந்து 1929-இல் வெளியிட்டார். தேர்ந்த மாணவர்களே பலர் கவிதையின் நேர்ப்பொருளைத் தவறவிட்டிருந்தது அதில் தெரியவந்தது. பிடிக்கவில்லை என்ற உணர்வுக்குப் பின்னால், சரியாகப் படிக்கவில்லை என்ற உண்மை பலமுறை ஒளிந்திருக்கும்.

அடுத்து, கதையின் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வரி எழுதுங்கள்: இதில் எவ்வளவு காலம் நகர்கிறது, யாருக்கு என்ன தெரியவருகிறது, எது சொல்லப்படாமல் விடப்படுகிறது. பாராட்டும் குறையும் இல்லாத இந்த வரைபடத்தையே கடிதத்தின் முதல் பகுதியாக வைக்கலாம். தன் கதை பிறர் மனத்தில் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை எழுதியவர் அதில் காண்பார். இதை முடித்த பின்னும் கதை பிடிக்காமலிருந்தால், எந்தப் பத்தியில் உங்கள் ஆர்வம் குறைந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். அந்த இடத்தை அவர் தாமே பார்த்துக்கொள்வார்.