‘த கிரேப்ஸ் ஆஃப் ராத்’: படத்தின் முடிவு ஏன் மாறியது?

கேள்வி: ஜான் ஸ்டைன்பெக்கின் நாவலை (1939) முடித்த பின் ஜான் ஃபோர்டின் படத்தை (1940) பார்த்தேன். ஓக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கூலி வேலை தேடிச் செல்லும் ஜோடு குடும்பத்தின் கதை, படத்தில் மட்டும் நம்பிக்கையோடு முடிவது ஏன்?

மறுமொழி 1: நாவலில் இடம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கான அரசு முகாம் முன்னதாகவும், வேலைநிறுத்தத்தின்போது இவர்கள் அறியாமலே கருங்காலிகளாகும் பீச் பழத்தோட்டம் பின்னதாகவும் வருகின்றன, திரைக்கதையாசிரியர் நன்னலி ஜான்சன் இவற்றை இடம் மாற்றியதால், சரிந்துகொண்டே சென்ற கதை ஏற்றம் பெற்றுவிட்டது. இறந்த குழந்தையைப் பெற்றெடுத்த மகள், பட்டினியால் சாகக்கிடக்கும் அந்நியருக்குப் பாலூட்டும் நாவலின் இறுதிக் காட்சியை அன்றைய தணிக்கை விதிகள் அனுமதித்திருக்கவும் மாட்டா.

மறுமொழி 2: ஆயினும் படத்தை மென்மையானது என்று ஒதுக்க முடியாது. இருண்ட வீட்டில், நிலம் பறிபோன கதையை ஜோடு குடும்பத்தின் அண்டை விவசாயி மியூலி சொல்லும் காட்சியில் கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவைப் பாருங்கள். ஃபோர்டுக்கும் தாயாக நடித்த ஜேன் டார்வெலுக்கும் ஆஸ்கர் கிடைத்தது. டோலண்டுக்கு இப்படத்துக்காகப் பரிந்துரைகூட இல்லை என்பதுதான் விந்தை.