ஜோன் கிளார்க்கின் பான்புரிஸ்மஸ் வேலை: துளைத்தாள் எதற்கு?

கேள்வி:
இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மறைகுறி உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில், ஜெர்மன் கடற்படைச் செய்திகளைக் கவனித்த 8ஆம் குடிலில், ஜோன் கிளார்க் பான்புரிஸ்மஸில் (துளைத்தாள்களை ஒப்பிட்டுச் சக்கரங்களை ஊகிக்கும் முறை) கெட்டிக்காரர் என்கிறார்கள். மறைகுறியின் அமைப்பைத் தேடும் பாம் இயந்திரம் இருந்தும் கையால் ஏன் செய்தார்கள்?

பதில் 1:
இயந்திர நேரம் போதவில்லை. ஜெர்மன் கடற்படையின் எனிக்மா மறையாக்க இயந்திரத்தில் 8 சக்கரங்களில் 3ஐப் பொருத்துவார்கள். மொத்தம் 336 வரிசைகள். வலது, நடுச் சக்கரங்களை முன்கூட்டியே ஊகித்தால் பெரும்பாலானவை கழிந்துவிடும்.

நீளத் தாளில் நெடுவரிசைக்கு 26 எழுத்துகள் அச்சாகியிருக்கும். செய்தியின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு துளை. இரு செய்தித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒவ்வோர் இடமாக நகர்த்தி, ஒத்துவிழும் துளைகளை எண்ண வேண்டும். தற்செயல் என்றால் 26க்கு 1 ஒத்துவரும். சரியான இடத்தில், அதாவது இரு செய்திகளும் ஒரே சக்கர நிலையில் மறையாக்கப்பட்டபடி பொருந்தும்போது, சுமார் 17க்கு 1. செய்தி குட்டையாக இருந்தால் இந்த வித்தியாசம் ஏமாற்றும்.

பதில் 2:
ஒன்று விட்டுப்போச்சு. ஈரெழுத்து அட்டவணை (எழுத்து ஜோடிகளுக்குப் பதில் வேறு ஜோடிகளைத் தரும் ஜெர்மன் அட்டவணை) கையில் இல்லாமல் இது நகராது. செய்தி தொடங்கும் சக்கர நிலையை மறைத்ததே அந்த அட்டவணைதான். இன்னொரு தொல்லை: 6, 7, 8ஆம் சக்கரங்களுக்கு, பக்கத்துச் சக்கரத்தை நகர வைக்கும் வெட்டுகள் ஒரே இடங்களில். அதனால் எந்தச் சக்கரம் என்று பிரிக்க முடியாது.

பதில் 3:
சம்பளக் கூத்தையும் சொல்லுங்கள். பதவி உயர்வுக்காக ஜோன் கிளார்க்கை 'மொழியறிஞர்' தரத்தில் சேர்த்தார்கள். கணிதம் படித்தவர். படிவத்தில் 'தரம்: மொழியறிஞர், மொழிகள்: இல்லை' என்று எழுதுவதில் அவருக்கு ஒரே குஷி! 1944இல் அதே குடிலின் துணைத் தலைவர்.