இறங்கினாரா, இறக்கினார்களா? நீங்கள் கண்டதைப் பகிருங்கள்

கொங்குப் பக்கம் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் டெஸ்க் வேலை பார்த்தேன், நிருபர்கள் அனுப்புவதைத் திருத்தித் தலைப்புப் போடும் வேலை. கழிவுநீர்த் தொட்டி மரணம் என்றால் நிருபர்களிடமிருந்து வரும் வரி பெரும்பாலும் ஒன்றுதான்: "தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியபோது விஷவாயு தாக்கி 2 பேர் பலி." இறங்கியது அவர்கள், தாக்கியது வாயு. கூலி பேசிக் கூட்டி வந்தவரும், மூடியைத் திறந்துவிட்டு மேலே நின்றவரும் அந்த வரியில் கிடையாது.

சட்டம் அப்படிப் பேசவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்புக் கருவிகள் தராமல் எவரையும் சாக்கடையையோ கழிவுநீர்த் தொட்டியையோ சுத்தம் செய்வதில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினாலே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்துக்குக் குற்றம் 'ஈடுபடுத்துவது'. செய்தியிலோ அவர்கள் தாமாகவே 'ஈடுபட்டார்கள்'. பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைதான். சிறைக்குப் போகவேண்டியவர் அந்த இடைவெளியில் நழுவிவிடுகிறார்.

ஒருநாள் இரவு நிருபரைக் கூப்பிட்டு, "தம்பி, இறக்கினது யாரு?" என்று கேட்டேன். "வீட்டு ஓனர் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டிருக்கார் சார், அவர்தான் ஆள் கொண்டாந்தது" என்றார். வழக்குப் பதிவானதை உறுதி செய்துகொண்டு, "தொட்டியில் இறக்கப்பட்ட 2 பேர் சாவு, ஒப்பந்ததாரர் மீது வழக்கு" என்று போட்டோம். 'இறக்கப்பட்ட' மட்டும் போதாது, அதிலும் ஆள் ஒளிந்துகொள்ளலாம். பின்பாதிதான் முக்கியம்.

*

அண்ணா, நீங்கள் எழுதியது எங்கள் வீட்டில் நடந்தது. சித்தப்பா இப்படித்தான் போனார். ஸ்டேஷனில் சித்தி சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதினார். வாசித்துக் காட்டியபோது "இறங்கி வேலை செய்துகொண்டிருந்தபோது" என்று வந்தது. சித்தி அவ்வளவு நேரம் அழுதவர் நிமிர்ந்து, "அவரு இறங்கலைங்க, இறங்கச் சொன்னாங்க. மாட்டேன்னவரை இறங்கச் சொன்னாங்க" என்றார். ரைட்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு வேறு தாளில் எழுதினார், சொன்னவர் யார் என்பதையும் சேர்த்து.

இழப்பீடு பற்றியும் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்கள் நிறையப் பேர். சாக்கடை மரணங்களுக்கு 10 லட்சம் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும் முன் வினைச்சொல் ஒவ்வொன்றையும் நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள்.

*

தமிழாசிரியை நான். தன்வினை எப்போதும் ஏமாற்று வேலை என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். சின்னப் பிள்ளை "டம்ளர் உடைஞ்சிருச்சு டீச்சர்" என்று வந்து நிற்கும்போது "யார் உடைச்சது?" என்று நான் கேட்பதில்லை. அந்த வினை பயந்த பிள்ளைக்கு ஒரு நிழல். எங்கள் வீடுகளில் பாலும் தானாகத்தான் பொங்கிவிடும், மாமியாரும் பெரிதுபடுத்தமாட்டார்.

ஆனால் ஓர் உயிர் போன இடத்தில் அந்த நிழல் காண்ட்ராக்டருக்கு எதற்கு? இந்த வருடம் பத்தாம் வகுப்புக்குத் தன்வினை, பிறவினை நடத்தும்போது செய்தித்தாளையே கொண்டுபோகப் போகிறேன். அண்ணா, அந்த இரண்டு தலைப்புகளையும் அப்படியே அனுப்ப முடியுமா?