முகாமில் பிறந்த அக்காவுக்கு பாஸ்போர்ட் கிடைக்குமா?

கேள்வி (திருவாதவூர் முகாம்):
அக்கா 1986 டிசம்பரில் மண்டபம் முகாமில் பிறந்தவள். இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் அட்டையில் இலங்கை அகதி. மாமா பெயின்ட் வேலைக்கு வெளியூர் போய்த் தங்கினால், முகாமில் ஆள் எண்ணும் கணக்கெடுப்பு நாளுக்குள் ஓடி வரணும். தவறினால் அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை நின்றுவிடுமோ என்று அக்காவுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில் 1:
தாராளமாகப் போடுங்க தங்கச்சி. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உத்தரவு போட்டிருக்கிறது. அந்த உத்தரவின் நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
முதலில் பிறப்புச் சான்றிதழ். அது இல்லாமல் எதுவும் நகராது.

கேட்டவர்:
சான்றிதழ் இருக்கிறது அண்ணே, மடிப்பில் கிழிந்துபோய். அப்புறம், நான் 1991-ல் பிறந்தேன். எனக்கு?

பதில் 1:
1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்கு அம்மா அப்பாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்கணும். ஒரே வயிற்றில் பிறந்தவர்களை ஒரு தேதி பிரிப்பது அநியாயம்தான். அக்காவுடையதை முதலில் முடியுங்கள். உங்களுக்கு இலவச சட்ட உதவி மையத்தில் கேட்போம், நானும் வருகிறேன்.