காற்றுத் தாங்கியில் நெடுக்கு விகாரம் இரண்டு மடங்கு வருகுது, உதவி தேவை

வணக்கம். கிளிநொச்சியில் ஒரு ரயர் கடையின் கொம்பிரசர் தாங்கியைப் பரிசோதிக்கிறோம். உருக்கு, உள்விட்டம் 400 மி.மீ., சுவர் 4 மி.மீ., அழுத்தம் 8 பார். கணக்குப்படி தகைப்பு (ஓரலகுப் பரப்பில் சுவர் தாங்கும் விசை) பரிதிவழி, அதாவது சுற்றுவாட்டில், 40; நெடுக்கே, அதாவது நீளவாட்டில், 20 மெகா பஸ்கால். யங்கின் மட்டு (உருக்கின் விறைப்பு) 200 கிகா பஸ்கால், புவசோனின் விகிதம் (ஒரு பக்கம் நீளும்போது குறுக்கே சுருங்கும் விகிதம்) 0.3 என்றால் விகாரங்கள் (நீள மாற்றத்தை முதல் நீளத்தால் வகுத்தது) பரிதிக்கு 170, நெடுக்குக்கு 40 மைக்ரோ (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு). ஸ்ட்ரெயின் கேஜில் (விகாரத்தை அளக்க ஒட்டும் மின்தடைத் தாள்) வருவது அதே வரிசையில் 168, 85.

கேஜ் சரிந்து ஒட்டுப்பட்டிருந்தாலும் செங்குத்தான இரு விகாரங்களின் கூட்டுத்தொகை 210 ஆகவே இருக்கவேணும். இங்கே 253. எனவே கோணப் பிழை மட்டும் காரணமில்லை.

நெடுக்குக் கேஜுக்கு மட்டும் இரண்டு வயர் இணைப்பு. வன்னி வெயிலில் வயர் சூடாகித் தடை கூடினால் பொய் விகாரம் சேரும். அழுத்தத்தை இறக்கியதும் வாசிப்பு பூச்சியத்துக்குத் திரும்பாவிட்டால் அது காரணமாக இருக்கலாம். திரும்பினால் சந்தேகம் இடத்தில்: முனைமூடி வெல்டிங்கிலிருந்து கேஜ் 50 மி.மீ. தூரத்தில்தான் இருக்கு. அங்கே வளைவுத் தகைப்பும் சேரும்; வெல்டிங்கிலிருந்து குறைந்தது 70 மி.மீ. தள்ளிக் கேஜை ஒட்டவேணும்.

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் யாரிடமாவது அல்ட்ராசோனிக் தடிப்புமானி ஒருநாள் இரவல் கிடைக்குமா? தண்ணீர் தேங்கும் அடிப்பக்கம் துருப்பிடித்துச் சுவர் 3 மி.மீ. ஆகியிருந்தால் பரிதித் தகைப்பு 53 மெகா பஸ்காலுக்கு ஏறும். நீரழுத்தச் சோதனைக்குக் கைப்பம்பும் வேணும். காற்றால் சோதிப்பது ஆபத்து, தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள்.