பிரோமெலைன்: அன்னாசித் தண்டா, பிக்கியா ஈஸ்டா?

(பிரோமெலைன் அன்னாசியில் உள்ள, புரதத்தை வெட்டும் நொதி. அதைத் தண்டிலிருந்தே பிழிவதா, மரபணுவை ஏற்றிய பிக்கியா ஈஸ்டில் செய்வதா என்று மூவர் வாதிடுகிறார்கள்.)

நொதியன்: தீக்காயத்தில் கருகிய தோலை அகற்றும் நெக்சோபிரிட் மருந்துக்கு ஐரோப்பா 2012-இலும் அமெரிக்கா 2022-இலும் அனுமதி தந்தன. அதன் மூலப்பொருளான பிரோமெலைன் வருவது இன்றும் அன்னாசித் தண்டிலிருந்துதான். பிக்கியா ஈஸ்டில் செய்த எகலான்டைடு என்ற புரதம் 2009-இலேயே மருந்தாக வந்துவிட்டது. பிரோமெலைனை மட்டும் ஏன் இன்னும் பிழிந்துகொண்டிருக்கிறோம்? முன்தொடரோடு (நொதியை அடக்கி வைக்கும் முன்துண்டு) சேர்ந்த மரபணுவை, புரதத்தை வெளியே அனுப்பும் ஈஸ்டின் ஆல்ஃபா காரணிச் சுரப்புத் தொடருக்குப் பின்னால் வைத்து, மெத்தனாலில் விழித்து மரபணுவை இயக்கும் ஏஓஎக்ஸ்1 புரோமோட்டரில் ஓட்டினால் புரதம் ஊடகத்துக்கே வந்து சேரும்.

தண்டுக்கட்சி: ஒரு மரபணுவைப் போட்டால் ஒரு நொதிதான் வரும். நெக்சோபிரிட் கலவை. தண்டு பிரோமெலைனுக்கு அடுத்தடுத்து இரண்டு ஆர்ஜினின் உள்ள செயற்கை அடிமூலம் (நொதி வெட்டும் பொருள்) பிடிக்கும். அதே தண்டிலுள்ள அனனைன் என்ற இன்னொரு நொதிக்கு ஃபீனைல்அலனின்-வாலின்-ஆர்ஜினின் வரிசை பிடிக்கும். கேசீன் என்ற பால்புரதத்தை வெட்டவைக்கும் சோதனையில் அலகு சமம் என்பதற்காக, கருகிய தோலிலும் இரண்டும் சமம் என்று எழுதிவிடாதீர்கள்.

நொதியன்: அப்படியானால் இரண்டு ஈஸ்ட் வகைகளை வளர்த்து, தெரிந்த விகிதத்தில் கலப்போம். தண்டில் அந்த விகிதம் உங்கள் கையிலா இருக்கிறது? இன்னொன்று: செடி தன் புரதத்தில் ஒட்டும் சர்க்கரைக் கிளையில் சைலோசும் ஆல்ஃபா-1,3 ஃபியூகோசும் உண்டு. ஒவ்வாமைச் சோதனைக்கூடங்களில் அந்தச் சர்க்கரைக்கான ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளைப் பார்க்கப் பயன்படுத்துவதே பிரோமெலைனின் கிளையைத்தான். ஈஸ்டில் அது கிடையாது.

கலன்காப்பான்: அந்த ஐஜிஇ பெரும்பாலும் நோய்க்குறி எதையும் தராது, சோதனை முடிவைக் குழப்புவதோடு சரி. புரதத்துக்கே ஒவ்வாமை இருந்தால் ஈஸ்ட் காப்பாற்றாது. போதாததற்குப் பிக்கியா தன் பங்குக்கு 8 முதல் 14 வரை மேனோஸ் சர்க்கரை ஒட்டும். அது ஒட்டும் இடமான அஸ்பராஜின் அமினோ அமிலத்தை மாற்றிவிடலாம், ஆனால் சுரப்பு குறையக்கூடும்.

உண்மையான தலைவலி ஈஸ்டை வளர்க்கும் கலனுக்குள். நேர்கோடாக்கிய 5–10 மைக்ரோகிராம் டிஎன்ஏ-வை மின்துடிப்பில் ஏற்றி, 1 மோலார் சார்பிட்டால் சேர்த்த ஸியோசின் (மரபணு ஏறாத செல்களைக் கொல்லும் மருந்து) தட்டில் (100 மைக்ரோகிராம்/மிலி) பரப்புங்கள். டிஎன்ஏ-வை நேர்கோடாக்க வெட்டும் நொதிக்கான தளம் உங்கள் மரபணுவுக்குள் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். கிளிசராலில் வளர்த்த செல்களைச் சுழற்றிப் படியவைத்து, மெத்தனால் ஊடகத்தில் ஓடி (OD, செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) 1 வரும்படி கலக்குங்கள். கிளிசரால் மிச்சமிருந்தால் ஏஓஎக்ஸ்1 விழிக்காது. 24 மணிக்கொருமுறை 0.5% மெத்தனால், பிஎச் 6, வெப்பம் 20–25 டிகிரி. கேசமினோ அமிலம் 1% சேர்த்தால் புரதச் சிதைவு ஓரளவு குறையும். மரபணு நகல் கூடினால் விளைச்சலும் கூடும் என்று எண்ண வேண்டாம். மடிப்பு திணறினால் எல்லாம் உள்ளேயே தேங்கும்.

தண்டுக்கட்சி: அதைத்தான் சொல்கிறேன். முன்தொடர்தான் பூட்டு. பிஎச் 4 பக்கம் சரிந்தால் பூட்டு தானே கழன்று, நொதி தன்னையே தின்னத் தொடங்கும். அமிலம் சேர்க்கும் பம்ப் கொஞ்ச நேரம் தறிகெட்டால் மொத்தக் கலனும் போச்சு.

நொதியன்: சரிந்தாலும் வினைத்தள சிஸ்டீன் மூடியிருந்தால் கடிக்காது. அறுவடையில் சோடியம் டெட்ராதயோனேட் போட்டால் அந்த சிஸ்டீனின் தயோல் (கந்தகக் குழு) மூடிக்கொள்ளும், பிறகு சிஸ்டீன் சேர்த்துத் திறக்கலாம். ஆல்ஃபா காரணி விட்டுச்செல்லும் குளூட்டமேட்-அலனின் வாலும் இங்கே தொல்லையில்லை, முன்தொடரோடு அதுவும் போய்விடும். கவனிக்க வேண்டியது ஈஸ்டின் வெட்டு நொதியான கெக்ஸ்2: மடிந்த புரதத்தின் மேற்பரப்பில் லைசின்-ஆர்ஜினின் இணை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அங்கேயும் வெட்டும்.

கலன்காப்பான்: அளவீட்டிலும் ஒரு பொறி. பப்பைன் குடும்பம் என்பதால் இ-64 என்ற தடுப்பானைக் கொண்டு வினைத்தளத்தை எண்ணப் போவார்கள். அனனைனை அது சட்டென அடக்கும். தண்டு பிரோமெலைனை மிக மெதுவாகத்தான் தொடும். நேரம் கொடுக்காமல் எண்ணினால் கணக்கு தப்பு. புரதங்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லுக்கு எடுக்கும் மாதிரியை உடனே டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தில் வீழ்படியுங்கள். குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் ஓட்டினால் பட்டை இழுபட்டுத் தெரியும், பழி ஈஸ்டின் தலையில் விழும்.

தண்டுக்கட்சி: பழி யார்மேல் என்று பிரித்தறிய வழி?

கலன்காப்பான்: வினைத்தள சிஸ்டீனை அலனினாக மாற்றிய குளோனையும், மரபணு இல்லாத வெறும் வெக்டர் குளோனையும் பக்கத்திலேயே வளருங்கள். செயலிழந்த குளோனில் பட்டை முழுதாக வந்து, செயலுள்ளதில் மட்டும் காணாமல் போனால் தன்னைத்தானே தின்றிருக்கிறது. இரண்டிலுமே மெலிந்திருந்தால் மடிப்பையும் சுரப்பையும் பாருங்கள், கூடவே பெப்4 (ஈஸ்டின் புரதம் சிதைக்கும் நொதிக்கான மரபணு) நீக்கிய வகையில் ஒருமுறை வளர்த்துப் பாருங்கள்.

தண்டுக்கட்சி: அந்த மூன்று ஜெல்லையும் இங்கே போடுங்கள், பிறகு பேசலாம். அதுவரை என் வாக்கு தண்டுக்கே.